உங்கள் விமானத்தை இயக்குவது யார்? டிக்கெட் வாங்கும் முன்பும் பின்பும் சரிபார்க்கும் வழிகள்

2011 பிப்ரவரி 10 அன்று பெல்ஃபாஸ்டிலிருந்து அயர்லாந்தின் கார்க் நகருக்குப் பறந்த ஒரு சிறு விமானம், அடர்ந்த மூடுபனியில் மூன்றாவது முறையாகத் தரையிறங்க முயன்றபோது விபத்துக்குள்ளானது. அதில் இருந்த 12 பேரில், இரண்டு விமானிகள் உட்பட 6 பேர் இறந்தனர். பயணிகள் டிக்கெட் வாங்கியது மேங்ஸ்2 என்ற பெயரை நம்பி. ஆனால் மேங்ஸ்2 ஒரு விமான நிறுவனமே அல்ல. டிக்கெட் விற்பது மட்டுமே அதன் வேலை. விமானத்தை இயக்குவதற்கான சான்றிதழ் ஸ்பெயினைச் சேர்ந்த ஃப்ளைட்லைன் என்ற நிறுவனத்திடம் இருந்தது. விமானமும் விமானிகளும் வந்ததோ ஏர் லாடா என்ற இன்னொரு ஸ்பானிய நிறுவனத்திலிருந்து. தொலைவில் நடந்த இந்தச் சேவையை ஃப்ளைட்லைனும் சரியாகக் கண்காணிக்கவில்லை, அதற்குச் சான்றிதழ் கொடுத்த நாடும் சரியாகக் கண்காணிக்கவில்லை என்பதை அயர்லாந்தின் விபத்து விசாரணை அமைப்பு 2014 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை விபத்துக்குத் துணைபோன காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது.

இவ்வளவு சிக்கலான ஏற்பாடு அன்றாடம் நடப்பதில்லை. ஆனால் ஒரு பெயரில் டிக்கெட் விற்று இன்னொரு பெயரில் விமானம் பறப்பது உலகம் முழுவதும் அன்றாட வழக்கம். அதில் பெரும்பாலானவை சட்டப்படி சரியானவை, பாதுகாப்பானவையும்கூட. பயணி நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: விமானிகளின் பயிற்சி, பராமரிப்பு, பணி நேரம் ஆகிய அனைத்துக்கும் பொறுப்பேற்பது விமான இயக்கச் சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனம். டிக்கெட்டின் தலைப்பில் இருக்கும் பெயர் அந்தப் பொறுப்பை ஏற்பதாகக் கொள்ள முடியாது. ஆகவே பாதுகாப்பைப் பற்றி எதை விசாரிப்பதானாலும், முதலில் அந்தச் சான்றிதழ்தாரர் யார் என்பதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

பெயர் மாறும் விதங்கள்

மிகவும் பரவலானது கோட்ஷேர். ஒரு நிறுவனம் இயக்கும் விமானத்தில் கூட்டாளி நிறுவனம் தன் எண்ணைப் போட்டு இருக்கைகளை விற்கும். ஒரே விமானத்துக்கு மூன்று நான்கு எண்கள் இருப்பதும், விமான நிலைய அறிவிப்புப் பலகையில் அவை மாறி மாறி ஒளிர்வதும் இதனால்தான்.

இரண்டாவது, பெரிய நிறுவனத்தின் வண்ணத்திலும் பெயரிலும் சிறு நிறுவனம் பறப்பது. அமெரிக்காவின் உள்நாட்டுச் சேவைகளில் இது மிகுதி. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே விழுந்து, தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேரைப் பலிகொண்ட விமானம் கான்டினென்டல் கனெக்ஷன் என்ற பெயரில் பறந்தது. அதை இயக்கியது கோல்கன் ஏர். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் குரல் கொடுத்ததன் பயனாக 2010-இல் வந்த சட்டம், இணையத்தில் டிக்கெட் விற்பவர்கள் பயணி தேடியதும் தோன்றும் முதல் திரையிலேயே இயக்கும் நிறுவனத்தின் பெயரைக் காட்ட வேண்டும் என்று அங்கே கட்டாயமாக்கியது.

மூன்றாவது வெட் லீஸ். விமானம், விமானிகள், பணியாளர்கள், பராமரிப்பு, காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு நிறுவனத்திடமிருந்து வாடகைக்கு எடுப்பது இது. கோடைகால நெரிசலிலும், சொந்த விமானங்கள் பழுதாகி நிற்கும்போதும் இது அதிகரிக்கும். பயணிகள் பலரும் ஏமாறும் இடம் இதுதான். ஏனென்றால் கோட்ஷேர் போல இது முன்கூட்டியே அட்டவணையில் இருக்க வேண்டும் என்பதில்லை. முந்தைய நாள் மாலைகூட மாறலாம்.

நான்காவது வகையைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரே பெயர், ஒரே சிவப்பு வண்ணம், ஒரே இணையதளம் என்றிருந்தாலும் ஏர்ஏசியா என்ற பெயரின் கீழ் மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் தனித்தனிச் சான்றிதழ் பெற்ற நிறுவனங்கள் இயங்குகின்றன. விமான எண்ணின் முதல் இரு எழுத்துகள் ஏகே என்றால் மலேசியா, எஃப்டி என்றால் தாய்லாந்து, க்யூஇசட் என்றால் இந்தோனேசியா. ஒவ்வொன்றையும் கண்காணிப்பது வேறு வேறு அரசுகள். பெயரை மட்டும் பார்த்து 'அதே நிறுவனம்தானே' என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

டிக்கெட் வாங்கும் திரையில் என்ன பார்க்க வேண்டும்

விலை ஒப்பிடும் தளத்தில் தேடினால், ஒவ்வொரு வரியிலும் நிறுவனச் சின்னம், நேரம், விலை மூன்றும் பெரிதாகத் தெரியும். இயக்கும் நிறுவனத்தின் பெயர் அந்த வரியை விரித்தால்தான் வரும்; அதுவும் பெரும்பாலும் சாம்பல் நிறச் சிற்றெழுத்தில், விமான வகைக்குப் பக்கத்தில் இருக்கும். 'ஆப்பரேட்டட் பை' என்று தொடங்கும் அந்த வரியைப் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே படிக்க வேண்டும். இரண்டு இடங்களில் மாறிச் செல்லும் பயணத்தில் முதல் கட்டத்தைப் பெரிய நிறுவனம் இயக்கி, கடைசிக் கட்டத்தை நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனம் இயக்கலாம். விசாரணை தேவைப்படுவதும் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான்.

அந்த வரியில் இருக்கும் பெயரை அப்படியே, முழுமையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலி ஒற்றுமை உள்ள நிறுவனப் பெயர்கள் ஏராளம். ஓரெழுத்து மாறினாலும் வேறொரு நாட்டின் நிறுவனமாகிவிடும். பெயர் எங்குமே தெரியவில்லை என்றால், அதே விமானத்தை விற்கும் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் தேடிப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் பணம் கட்டும் முன் எழுத்து மூலமாகக் கேளுங்கள். வாய்மொழிப் பதில் பின்னால் எதற்கும் உதவாது.

சில குறிப்புகள் பெயர் தெரியும் முன்பே சந்தேகத்தை எழுப்ப உதவும். விமான எண் நான்கு இலக்கங்களில் இருப்பது பெரும்பாலும் கோட்ஷேரின் அடையாளம், ஆனால் விதி அல்ல. 13 இலக்க மின்டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைக் குறிக்கும். ஏர் இந்தியாவுக்கு 098, பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 125, எமிரேட்ஸுக்கு 176. பலரும் இதைப் பார்த்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். அது பணம் யாரிடம் போனது என்பதைத்தான் சொல்லும். பறப்பது யார் என்பதைச் சொல்லாது.

சுற்றுலாத் தொகுப்புடன் சேர்த்து விற்கப்படும் சார்ட்டர் விமானங்களில், அதாவது ஒரு பயணத்துக்கென முழு விமானத்தையும் வாடகைக்கு எடுத்து நடத்தப்படுபவற்றில், கூடுதல் கவனம் வேண்டும். அங்கே விற்பவர் சுற்றுலா நிறுவனம் என்பதால் விமானத்தின் பெயர் பேச்சிலேயே வராமல் போகும். 2004 ஜனவரி 3 அன்று எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கிலிருந்து புறப்பட்டுச் செங்கடலில் விழுந்த ஃப்ளாஷ் ஏர்லைன்ஸ் விமானத்தில் இருந்த 148 பேரும் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு சுற்றுலாப் பயணிகள். அந்த நிறுவனத்தைச் சுவிட்சர்லாந்து 2002-லேயே தன் வான்பரப்பில் தடை செய்திருந்தது என்பது விபத்துக்குப் பிறகே பொதுவெளிக்கு வந்தது. பக்கத்து நாட்டு அதிகாரிகளுக்குத் தெரிந்த ஒன்று டிக்கெட் வாங்கியவருக்குத் தெரியவில்லை என்பது ஐரோப்பாவில் பெரும் கோபத்தைக் கிளப்பியது. அடுத்த ஆண்டே பிறந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2111/2005 எண் ஒழுங்குமுறை இரண்டு வேலைகளைச் செய்தது: தடைசெய்யப்பட்ட நிறுவனங்களுக்கு ஒரே பொதுப் பட்டியலை உருவாக்கியது, சுற்றுலா நிறுவனம் உட்பட யார் டிக்கெட் விற்றாலும், முன்பதிவின்போதே இயக்கும் நிறுவனத்தின் பெயரைப் பயணியிடம் சொல்ல வேண்டும் என்றது. முன்பதிவின்போது உறுதியாகத் தெரியாவிட்டால், இயக்கக்கூடிய நிறுவனங்களின் பெயர்களையாவது சொல்ல வேண்டும். பிறகு மாறினால் உடனடியாக, மிகவும் தாமதமானால் செக்-இன் நேரத்திலாவது தெரிவிக்க வேண்டும்.

பெயர் கிடைத்த பிறகு

முதலில் பார்க்க வேண்டியது ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியல். 2006 மார்ச்சில் முதல் பட்டியல் வந்தது. அதன்பின் தேவைக்கேற்பப் புதுப்பிக்கப்படுகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நீங்கள் ஐரோப்பாவுக்கே போகவில்லை என்றாலும் இது பயன்படும். ஏனென்றால் ஐரோப்பாவுக்கு ஒருபோதும் பறந்திராத நிறுவனங்களும் அதில் உள்ளன. பட்டியலில் இரண்டு பகுதிகள் உண்டு. ஏ பகுதியில் இருப்பவை முழுத் தடைக்கு உட்பட்டவை. பி பகுதியில் இருப்பவை குறிப்பிட்ட விமானங்களை மட்டும் அல்லது குறிப்பிட்ட நிபந்தனைகளோடு மட்டும் இயக்கலாம். சில நாடுகளின் எல்லா நிறுவனங்களும் ஒட்டுமொத்தமாகச் சேர்க்கப்படுவது உண்டு. 2007-இல் இந்தோனேசியாவுக்கு அப்படி நடந்து, படிப்படியாகத் தளர்ந்து, 2018-இல் முழுமையாக நீங்கியது. 2013 டிசம்பரில் நேபாளத்தின் நிறுவனங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. ஒட்டுமொத்தத் தடை என்பது ஒவ்வொரு நிறுவனத்தையும் தனித்தனியே குற்றம் சாட்டுவது அல்ல. அந்நாட்டுக் கண்காணிப்பு அமைப்பின் மீதான நம்பிக்கையின்மை.

பட்டியலின் அடிக்குறிப்பு ஒன்று இந்த வழிகாட்டியின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. தடைசெய்யப்பட்ட நிறுவனம், தடை இல்லாத ஒரு நிறுவனத்தின் விமானத்தை வெட் லீஸ் எடுத்துத் தன் சேவையை நடத்த அனுமதி பெறலாம். அதாவது விற்பவர் தடைப்பட்டவராகவும் பறப்பவர் தகுதி பெற்றவராகவும் இருக்க முடியும். டிக்கெட்டில் உள்ள பெயரைக் கொண்டு மட்டும் பட்டியலில் தேடினால், நல்ல விமானத்தை விலக்கிவிடவும் கூடும், ஐயத்துக்குரிய விமானத்தில் ஏறிவிடவும் கூடும்.

இரண்டாவது, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தரவரிசை. இது நிறுவனங்களை மதிப்பிடுவதில்லை. அமெரிக்காவுக்குச் சேவை நடத்தும் நாடுகளின் கண்காணிப்பு அமைப்புகளை மதிப்பிட்டு முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பிரிக்கிறது. இரண்டாம் நிலைக்கு இறங்கிய நாட்டின் நிறுவனங்கள் அங்கே புதிய சேவைகளைத் தொடங்க முடியாது. அமெரிக்க நிறுவனங்கள் அவற்றின் விமானங்களில் தம் எண்ணைப் போட்டு விற்கவும் முடியாது. இந்தியா 2014 ஜனவரியில் இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டு 2015 ஏப்ரலில் மீண்டது. மலேசியா 2019 முதல் 2022 வரை அந்நிலையில் இருந்தது. அந்த மாதங்களில் இந்நாடுகளின் விமானங்கள் திடீரென ஆபத்தாகிவிட்டன என்று பொருளில்லை. ஆய்வாளர்கள் போதுமான எண்ணிக்கையிலும் பயிற்சியிலும் இருக்கிறார்களா என்பது போன்ற கேள்விகளே அங்கு அளக்கப்படுகின்றன. ஐநாவின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் நாடுகளைத் தணிக்கை செய்து, சட்டம், உரிமம், இயக்கம், விபத்து விசாரணை முதலிய 8 துறைகளில் அவற்றின் நிலையைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. அறிமுகமில்லாத நாட்டின் நிறுவனம் என்றால் அதையும் ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவது, நிறுவனத்தையே அளக்கும் தணிக்கை. விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாட்டா 2003-இல் தொடங்கிய ஐயோசா என்ற பாதுகாப்புத் தணிக்கையில் தேறிய நிறுவனங்களின் பதிவேட்டைப் பொதுமக்கள் இணையத்தில் பார்க்கலாம். பதிவு காலாவதியாகும், ஆகவே புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இருப்பது நல்ல அறிகுறி. இல்லாதது உடனடி அபாயக் குறி ஆகாது; மிகச் சிறிய விமானங்களை இயக்கும் நிறுவனங்கள் பல இத்தணிக்கைக்குள் வருவதே இல்லை. ஆனால் பெரிய ஜெட் விமானங்களைப் பன்னாட்டுத் தடங்களில் இயக்கும் ஒரு நிறுவனம் அதில் இல்லையென்றால் ஏன் என்று கேட்பது நியாயம்.

நட்சத்திரம் போட்டு மதிப்பிடும் தனியார் தளங்களை நான் கடைசி இடத்தில்தான் வைப்பேன். உணவும் இருக்கை அகலமும் பாதுகாப்போடு கலந்துபோவது அங்கே இயல்பு. விபத்து வரலாற்றைப் பார்ப்பதற்கு ஏவியேஷன் சேஃப்டி நெட்வொர்க் தரவுத்தளம் நம்பகமானது. இருந்தாலும் ஐந்து விமானங்களை மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு விபத்தே இல்லை என்பதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு பெரிய நிறுவனம் தன் கோட்ஷேர் கூட்டாளியைத் தணிக்கை செய்துதான் சேர்த்துக்கொள்ளும் என்பது பொதுவாக உண்மை. அமெரிக்க நிறுவனங்கள் தம் வெளிநாட்டுக் கூட்டாளிகளைப் பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்படுத்துவதை அரசே எதிர்பார்க்கிறது. ஆகவே பெயர் தெரிந்த நிறுவனங்களுக்கு இடையிலான கோட்ஷேரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கடைசி நேர வெட் லீஸ், சார்ட்டர், விற்பவரே விமான நிறுவனம் அல்லாத ஏற்பாடு ஆகிய மூன்றுக்கும் உங்கள் நேரத்தைச் செலவிடுங்கள்.

பயண நாளில்

புறப்படும் முந்தைய நாள் முன்பதிவுப் பக்கத்தை மீண்டும் திறந்து அந்தச் சாம்பல் நிற வரி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். விமான வகை மாறியிருப்பதும் ஒரு தடயம். செக்-இன் பெரும்பாலும் இயக்கும் நிறுவனத்தின் கவுண்ட்டரில்தான் நடக்கும், அவர்களுடைய முன்பதிவு எண் உங்களிடம் உள்ளதிலிருந்து வேறாகவும் இருக்கும். அந்த எண்ணை முன்பே கேட்டு வாங்கிக்கொண்டால் இருக்கை தேர்வும் லக்கேஜ் கணக்கும் எளிதாகும்.

விமானங்களின் போக்கை நேரலையில் காட்டும் தளங்களில், உங்கள் விமான எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட விமானத்தின் பதிவு எழுத்துகள் புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே தெரியக்கூடும். விடி என்றால் இந்தியா, ஜி என்றால் பிரிட்டன், என் என்றால் அமெரிக்கா, எல்ஒய் என்றால் லிதுவேனியா, 9எச் என்றால் மால்டா. பழக்கமான நிறுவனத்தின் எண்ணுக்கு எதிரே அறிமுகமில்லாத நாட்டின் எழுத்துகள் இருந்தால் வெட் லீஸாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் உறுதி அல்ல: விமானத்தை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தன் விமானிகளைக் கொண்டே இயக்கும் நிறுவனங்களின் விமானங்களும் வேறு நாட்டில் பதிவாகியிருக்கலாம். அதே தளத்தில் இயக்கும் நிறுவனத்தின் பெயர் எனத் தனியாகக் காட்டப்படுவதையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஏறும்போது கதவருகே உடற்பகுதியில் சிறிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். வால் பகுதியின் பெரிய சின்னத்தைவிட இதற்கே மதிப்பு அதிகம். அமெரிக்காவில் சான்றிதழ்தாரரின் பெயர் தரையில் நிற்பவர் படிக்கும்படி விமானத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. இருக்கைப் பையில் உள்ள பாதுகாப்பு அட்டையிலும் வழக்கமாக இயக்குபவரின் பெயரும் விமான வகையும் இருக்கும். வெட் லீஸ் விமானத்தில் கதவுகளின் இடமும் உயிர்காப்பு உடையின் இடமும் நீங்கள் பழகிய விமானத்திலிருந்து மாறியிருக்கும் என்பதால் அந்த அட்டையை அன்று உண்மையாகவே படியுங்கள். அட்டையையும் கதவருகே உள்ள பெயரையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் ஏதேனும் தகராறு வந்தால் அது சான்றாக நிற்கும்.

மாற்று நிறுவனத்தில் பறக்க மனமில்லை என்றால் என்ன செய்வது? ஐரோப்பிய ஒழுங்குமுறையின்படி, நீங்கள் முன்பதிவு செய்த பிறகு இயக்கும் நிறுவனம் தடைப் பட்டியலில் சேர்ந்து, அதனால் விமானம் ரத்தானாலோ, ரத்தாகாத நிலையில் நீங்களே ஏற மறுத்தாலோ, பணத்தைத் திரும்பப் பெறவோ வேறு வழியில் பயணிக்கவோ உரிமை உண்டு. தடை ஏதும் இல்லாத நிறுவனத்துக்கு மாறியதற்காக மட்டும் இந்த உரிமை எழாது. அப்போது டிக்கெட்டின் நிபந்தனைகளையே நம்ப வேண்டியிருக்கும். கடைசி நேரத்தில் வாதாடுவதைவிட, மாற்றம் தெரிந்தவுடனே எழுதிக் கேட்பது பலன் தரும்.

பொறுப்பு யாருடையது

பன்னாட்டுப் பயணங்களுக்கு 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பயணிக்குச் சாதகமாகவே எழுதப்பட்டுள்ளது. உங்களோடு ஒப்பந்தம் செய்த நிறுவனம் முழுப் பயணத்துக்கும் பொறுப்பு. உண்மையில் இயக்கிய நிறுவனம் தான் இயக்கிய பகுதிக்குப் பொறுப்பு. இருவரில் ஒருவர் மீதோ இருவர் மீதும் சேர்த்தோ வழக்குத் தொடரும் தேர்வு பயணியுடையது. ஒருவரிடம் கொடுத்த புகார் மற்றவரிடம் கொடுத்ததாகவும் கருதப்படும். ஆகவே 'அவரிடம் போங்கள்' என்று கவுண்ட்டருக்குக் கவுண்ட்டர் அலையவிடுபவர்களிடம் இந்த ஒரு விதியை எடுத்துச் சொன்னாலே போதும்.

தாமதத்துக்கும் ரத்துக்கும் 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு தரும் ஐரோப்பிய 261/2004 ஒழுங்குமுறை அப்படியல்ல. அது இயக்கும் நிறுவனத்தை மட்டுமே பிடிக்கும். இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் நேரடி விமானத்துக்கு ஐரோப்பிய நிறுவனத்திடம் டிக்கெட் வாங்கியிருந்தாலும், இயக்கியது ஐரோப்பியம் அல்லாத நிறுவனம் என்றால் இந்த இழப்பீடு கிடையாது. டிக்கெட் வாங்கும்போதே இதைக் கவனித்தவர் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறும். மற்றது வெட் லீஸ் பற்றியது. 2018 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், விமானத்தையும் பணியாளர்களையும் வாடகைக்குக் கொடுத்த தாம்சன் ஏர்வேஸ் இழப்பீட்டுக்குப் பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது; முன்பதிவு ஆவணத்தில் இயக்குபவர் என அதன் பெயரே இருந்தும்கூட. பயணத்தை முடிவு செய்து நடத்தியது வாடகைக்கு எடுத்த நிறுவனம்தான் என்பது நீதிமன்றத்தின் வாதம். பாதுகாப்பை விசாரிக்க விமானத்தைப் பறக்கவிடுபவரைத் தேட வேண்டும். வெட் லீஸில் இந்த இழப்பீட்டைக் கேட்க வாடகைக்கு எடுத்தவரைத் தேட வேண்டும்.

கெடு நாள்கள் குறுகியவை. மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதமான லக்கேஜுக்கு அது கைக்கு வந்த 7 நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்த லக்கேஜுக்கு 21 நாள்களுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். வழக்குத் தொடர 2 ஆண்டுகள். போர்டிங் பாஸ், லக்கேஜ் ஒட்டுச்சீட்டு, இயக்குபவரின் பெயர் தெரியும் முன்பதிவுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், நிறுவனம் மாறியதாக வந்த குறுஞ்செய்தி ஆகியவற்றை அந்தக் காலம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.